மாங்கனீசு ஆக்சைடில் 43 கெல்வினில் ஒரு மேடு: புதிய நிலைமாற்றமா, என் தவறா?

#1 கூழாங்கல்

வணக்கம். முதுகலை இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக மாங்கனீசு ஆக்சைடு பொடியின் காந்த ஏற்புத்திறனை (புலம் கொடுத்தால் எவ்வளவு காந்தமாகிறது என்பதை) ஸ்குவிட் காந்தமானியில், அதாவது மிகச் சிறிய காந்தத்தையும் பிடிக்கும் கருவியில், அளந்தேன். புலம் 100 ஓயர்ஸ்டெட், வெப்பநிலை 5 முதல் 300 கெல்வின் வரை. 118 கெல்வின் பக்கத்தில் அழகான உச்சி வந்தது. எதிர்ஃபெர்ரோ காந்தப் பொருள் என்று பாடத்தில் வரைந்து காட்டுவார்களே, அதே வடிவம். அதுவரை சந்தோஷம்தான். இன்னும் குளிர்வித்தால் 43 கெல்வின் அருகே கோடு சட்டென்று மேலே ஏறி, 118இல் இருந்த உச்சியையே தாண்டிப் போய்விட்டது.

இன்னொரு குழப்பமும் உண்டு. 200 முதல் 300 கெல்வின் வரை ஏற்புத்திறனின் தலைகீழுக்கு நேர்கோடு பொருத்தியதில், அது வெப்பநிலை அச்சை வெட்டும் இடமான வெய்ஸ் மாறிலி −540 கெல்வின் என்று வருகிறது. புத்தகத்திலோ இந்த எண்ணின் அளவும் நெயல் வெப்பநிலையும் (எதிர்ஃபெர்ரோ ஒழுங்கு தொடங்கும் வெப்பநிலை, எனக்கு 118) சமம் என்று போட்டிருக்கிறது. 540 எங்கே, 118 எங்கே? வழிகாட்டியிடம் போவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். 43இல் இருப்பது யாரும் பார்க்காத நிலைமாற்றமாக இருக்க வாய்ப்பு உண்டா?

#2 திசைமுள்

வாய்ப்பு இல்லை. இந்தப் பொருளை 1938 முதல் அளந்துகொண்டிருக்கிறார்கள். மனம் உடைய வேண்டாம், எல்லாரும் ஒருமுறையாவது இப்படி ஒரு மேட்டைக் கண்டுபிடித்தவர்கள்தான்.

மூன்று கேள்விகள். புலம் இல்லாமல் குளிர்வித்து அளந்தீர்களா, புலத்தோடு குளிர்வித்தா, இரண்டும் எடுத்தீர்களா? பொடி என்ன நிறம்? மாதிரியை உள்ளே இறக்கும்போது அறையிலிருந்து காற்றை எத்தனை முறை வெளியேற்றினீர்கள்?

#3 ஓரமாய் ஒருவன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், நான் இயற்பியல் படித்தவன் இல்லை. எதிர்ஃபெர்ரோ காந்தப் பொருள் காந்தத்தில் ஒட்டாது என்கிறார்கள். அலுமினியமும்தான் ஒட்டாது. அப்படியிருக்க ஒன்றுக்கு மட்டும் பெரிய பெயர் எதற்கு?

#4 கரும்பலகை

நல்ல கேள்வி, இதைக் கேட்கத் தயங்குபவர்கள்தான் பின்னால் தடுமாறுகிறார்கள். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு அணிகளும் சமபலத்தில் இழுத்தால் கயிறு நகராது. கயிறு தரையில் கிடந்தாலும் நகராது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அலுமினியத்தில் அணுக்களுக்கென்று நிலையான காந்தத் திருப்புத்திறன் கிடையாது. மாங்கனீசு ஆக்சைடில் ஒவ்வொரு மாங்கனீசு அயனியும் ஐந்து தனித்த எலக்ட்ரான்களைச் சுமக்கும் வலுவான குட்டிக் காந்தம். 118 கெல்வினுக்கு மேலே அவை திசை தெரியாமல் ஆடுகின்றன, அது பாரா காந்த நிலை. அதற்குக் கீழே பாதி மேல் நோக்கியும் பாதி கீழ் நோக்கியும் நின்றுவிடுகின்றன. கூட்டினால் பூச்சியம், ஆனால் ஒழுங்கு முழுமையானது. இரும்பில் 1043 கெல்வினுக்குக் கீழே எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன, அதனால் வெளியே தெரிகிறது.

கூட்டுத்தொகை பூச்சியம் என்பதை ஒழுங்கே இல்லை என்று எடுத்துக்கொண்டதால்தான் இந்த வகைக் காந்தம் இவ்வளவு காலம் யார் கண்ணிலும் படவில்லை. லூயி நெயல் 1930களில் இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதினார், லாந்தாவும் 1933இல் தனியாக அதே பக்கம் வந்தார். ஆனால் மேலும் கீழுமாக நிற்கும் வரிசையை அப்போது யாராலும் நேரில் காட்ட முடியவில்லை.

#5 கூழாங்கல்

@திசைமுள் சார், புலம் இல்லாமல் குளிர்வித்து மட்டும்தான் எடுத்தேன். பொடி பச்சை, ஆனால் புட்டியின் மேற்பகுதியில் கொஞ்சம் பழுப்பு தட்டியிருக்கிறது. காற்றை ஒரு முறைதான் வெளியேற்றினேன்.

வகுப்பில் நெயல் வெப்பநிலையை நீல் வெப்பநிலை, நீல் வெப்பநிலை என்று சொல்வார்கள். முதல் ஒரு மாதம் அது ஏதோ நீல நிறம் சம்பந்தப்பட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

#6 திசைமுள்

பழுப்பு தட்டியிருக்கிறதா? பாதி பதில் அங்கேயே இருக்கிறது. தூய மாங்கனீசு ஆக்சைடு பச்சை. காற்றில் ஆக்சிஜன் ஏறினால் மூன்று மாங்கனீசுக்கு நான்கு ஆக்சிஜன் உள்ள ஆக்சைடு உருவாகும், அது பழுப்பு. அந்தப் பழுப்புப் பொருள் ஃபெர்ரி காந்தம், அதன் கியூரி வெப்பநிலை, அதாவது அந்தக் காந்த ஒழுங்கு தொடங்கும் இடம், 43 கெல்வினை ஒட்டியது. சந்தேகப்பட இதற்கு மேல் என்ன வேண்டும்?

#7 துருப்பிடித்தவன்

திசைமுள் அவசரப்படுகிறார் என்று நினைக்கிறேன். காற்றை ஒருமுறைதான் வெளியேற்றினேன் என்கிறாரே, அதைக் கவனித்தீர்களா? ஆக்சிஜன் மூலக்கூறே பாரா காந்தம். அறையில் தங்கிய காற்று மாதிரிமேல் உறையும். ஆக்சிஜன் 54 கெல்வினில் திடமாகும், 44இல் ஒரு படிக அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும், 24இல் மறுபடி மாறி எதிர்ஃபெர்ரோ காந்தமாகவே ஆகிவிடும். 43 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அந்த 44தான். எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் இதே உறைந்த ஆக்சிஜனை வைத்து ஒரு கருத்தரங்கச் சுருக்கமே எழுதி அனுப்பிவிட்டார். யார் என்று சொல்ல மாட்டேன், இப்போது நன்றாக இருக்கிறார்.

#8 திசைமுள்

நியாயமான சந்தேகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆக்சிஜன் என்றால் 40க்கும் 55க்கும் இடையே மேடு ஏறி இறங்கும், அதற்குக் கீழே கோடு பழைய பாதைக்கே வந்துவிடும். இவருக்கோ ஏறியது ஏறியபடியே நிற்கிறது. எதற்கும் இரண்டையும் சோதித்துவிடலாம்.

கூழாங்கல், மாதிரியை அறை வெப்பநிலையில் வைத்து, ஹீலியம் நிரப்பி வெளியேற்றுவதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். பிறகு அதே ஓட்டத்தைத் திரும்ப எடுங்கள், இந்த முறை புலத்தோடு குளிர்வித்ததையும் சேர்த்து. மேடு காணாமல் போனால் துருப்பிடித்தவர் ஜெயித்தார். அப்படியே இருந்து, இரண்டு கோடுகளும் 43இல் பிரிந்தால் நான். கடைசியாக 10 கெல்வினில் புலத்தை இரு பக்கமும் ஏற்றி இறக்கிக் காந்தமாக்கலை வரைந்து ஒரு காந்தத் தயக்கக் கண்ணி எடுங்கள். தூய எதிர்ஃபெர்ரோ காந்தம் நேர்கோடு தரும், ஃபெர்ரி காந்தம் கலந்திருந்தால் நடுவில் கண்ணி திறக்கும்.

#9 கரும்பலகை

அவர் அளக்கட்டும். அதற்குள் −540க்கும் 118க்கும் உள்ள கணக்கைப் பார்த்துவிடலாம், எனக்கு இதுதான் சுவையான பகுதி.

புத்தகம் பொய் சொல்லவில்லை, ஆனால் அது வைத்துக்கொண்ட படிகம் வேறு. அங்கே ஒவ்வொரு அயனியின் பக்கத்து அயனிகளும் எதிர் அணியைச் சேர்ந்தவை. அந்த நிலையில் வெய்ஸ் மாறிலியின் அளவும் நெயல் வெப்பநிலையும் சமமாகவே வரும். மாங்கனீசு ஆக்சைடு உப்புப் படிக அமைப்பு. இங்கே ஒரு மாங்கனீசுக்கு மிக அருகில் 12 மாங்கனீசுகள், அடுத்த தூரத்தில் 6. ஒழுங்கு வந்தபின் அந்த 12 பேரில் 6 பேர் அதே திசை, 6 பேர் எதிர்த்திசை. அவர்களுடைய தாக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அடுத்த தூரத்தில் உள்ள 6 பேரும் முழுக்க எதிர்த்திசை.

நெயல் வெப்பநிலையைத் தீர்மானிப்பது இந்த 6 பேர் மட்டும்தான். வெய்ஸ் மாறிலியோ உயர் வெப்பநிலையில், ஒழுங்கே இல்லாதபோது அளப்பது. அங்கே 18 பேரும் கணக்கில் வருவார்கள். இரண்டு இடைவினைகளும் ஏறக்குறைய சம பலம் என்று வைத்தால் சராசரிப் புலக் கணக்கில் (பக்கத்து அயனிகளின் தாக்கத்தைச் சராசரியாக எடுக்கும் கணக்கு) விகிதம் 3 வரும். உண்மையில் 5ஐ ஒட்டி இருக்கிறது, ஏனென்றால் சராசரிப் புலக் கணக்கு அலைவுகளைப் பார்ப்பதில்லை, அலைவுகள் ஒழுங்கை இன்னும் கீழே தள்ளும். அந்த 12 பேரும் எதிர்த்திசையையே விரும்புகிறார்கள், ஆனால் எல்லாருக்கும் அது கிடைக்காது. இந்த ஏமாற்றத்தின் அளவுதான் அந்த விகிதம்.

ஒரு எச்சரிக்கை. 300 கெல்வின் வரை மட்டும் பொருத்தி எடுத்த −540ஐ ரொம்ப நம்ப வேண்டாம். மாறிலியின் அளவே 540 என்னும்போது 300 உயர் வெப்பநிலை ஆகாது. அடுப்பு இணைப்பு இருந்தால் 600, 700 வரை போய்ப் பாருங்கள். திருப்புத்திறன் 5.92 போர் மேக்னெட்டான் (அணுக் காந்தங்களை அளக்கும் அலகு) அருகில் வந்தால் பொருத்தம் சரி என்று அர்த்தம்.

#10 ஓரமாய் ஒருவன்

அயனிகள் எதிர்த்திசையை விரும்புகின்றன என்கிறீர்கள். ஏன் விரும்ப வேண்டும்? இரண்டு சட்டக் காந்தங்களைப் பக்கத்தில் வைத்தால் தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்ளும், அது மாதிரியா?

#11 கரும்பலகை

அது மாதிரி இல்லை. காந்தங்களுக்கு இடையே உள்ள அந்த நேரடி விசை அணு அளவில் ஒரு கெல்வினுக்குச் சமமான ஆற்றல்தான் தரும். 118 கெல்வின் வரை, அல்லது நிக்கல் ஆக்சைடில் 525 கெல்வின் வரை, ஒழுங்கைப் பிடித்து நிறுத்த அதனால் முடியாது.

வேலை செய்வது நடுவில் இருக்கும் ஆக்சிஜன். மாங்கனீசு, ஆக்சிஜன், மாங்கனீசு மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றன. ஆக்சிஜனின் ஒரே ஆர்பிட்டாலில் உள்ள இரண்டு எலக்ட்ரான்கள் பாலி விதிப்படி எதிரெதிர் ஸ்பின் (எலக்ட்ரானின் காந்தத் திசை) கொண்டவை. இவை இரண்டு பக்கமும் கொஞ்சம் பரவ முடிந்தால் ஆற்றல் குறையும். பாதி நிரம்பிய மாங்கனீசு ஓட்டில் எதிர் ஸ்பின்னுக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது. ஆகவே இடது மாங்கனீசும் வலது மாங்கனீசும் எதிரெதிராக நின்றால்தான் இரண்டு எலக்ட்ரான்களும் தாராளமாகப் பரவலாம். இதற்குச் சூப்பர் எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். கிராமர்ஸ் 1934இல் தொடங்கினார், ஆண்டர்சன் 1950இல் செம்மைப்படுத்தினார். கோணம் 180 டிகிரி என்றால் எதிர்த்திசை வலுவாக வரும். 90 டிகிரி என்றால் பலம் குறைந்து, பல சமயம் ஒரே திசை விருப்பமாகவே மாறிவிடும்.

மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் என்று நகர்ந்தால் ஆக்சைடுகளின் நெயல் வெப்பநிலை 118, 198, 291, 525 என்று ஏறுகிறது. ஒரே உப்புப் படிக அமைப்பு, ஒரே வகை ஒழுங்கு, உலோகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு மட்டும் இறுகிக்கொண்டே போகிறது. அதே படிக அமைப்பில் யூரோப்பியம் ஆக்சைடை எடுத்தால் அது 69 கெல்வினில் ஃபெர்ரோ காந்தம், யூரோப்பியம் டெல்லுரைடு 10 கெல்வினுக்குச் சற்றுக் கீழே எதிர்ஃபெர்ரோ காந்தம். படிகத்தின் பெயரைப் பார்த்துக் காந்தத்தின் பெயரைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

#12 துருப்பிடித்தவன்

என் பெயருக்கு ஏற்ற ஒரு பொருளைச் சொல்லாமல் போக முடியாது. ஹேமடைட், அதாவது செந்துருவின் உறவுக்காரன். 950 கெல்வின் வரை எதிர்ஃபெர்ரோ காந்தம். ஆனால் அறை வெப்பநிலையில் நல்ல காந்தத்தை வைத்துப் பார்த்தால் லேசாக இழுபடும். இரண்டு அணிகளும் நேர் எதிராக நிற்காமல் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சாய்ந்து நிற்கின்றன. அந்தச் சாய்வில் மிச்சப்படுவதுதான் அந்த இழுப்பு. மாசு என்றே பல காலம் பேசப்பட்டது. 1950களின் கடைசியில் சியலோஷின்ஸ்கி படிகச் சமச்சீரிலிருந்தே இது வந்தாக வேண்டும் என்று காட்டினார், 1960இல் மோரியா அதற்கான இடைவினையைத் தந்தார். 260 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் ஸ்பின்கள் வேறு அச்சுக்குத் திரும்பிவிடும், சாய்வும் போய்விடும்.

மாசு என்று எல்லாரும் சொல்வது சில நேரம் மாசு இல்லை. கூழாங்கல்லுக்காகச் சொல்கிறேன்.

#13 திசைமுள்

ஆனால் முக்கால்வாசி நேரம் மாசுதான்.

#14 கூழாங்கல்

அளந்துவிட்டேன். காற்றை நான்கு முறை வெளியேற்றியபின்னும் 43 அப்படியே இருக்கிறது. ஆனால் 50ஐ ஒட்டி முதல் தடவை இருந்த ஒரு சின்னப் புடைப்பு இப்போது இல்லை, ஆக ஆக்சிஜனும் கொஞ்சம் இருந்திருக்கிறது. துருப்பிடித்தவர் அண்ணாவுக்கு அரை மதிப்பெண். புலம் இல்லாமலும் புலத்தோடும் குளிர்வித்த கோடுகள் 43க்குக் கீழே நன்றாகப் பிரிகின்றன. 10 கெல்வினில் கண்ணி திறந்திருக்கிறது. நேர்கோட்டுப் பகுதியைக் கழித்தால் தெவிட்டு காந்தமாக்கல் (புலத்தை ஏற்றினாலும் இனி ஏறாத அளவு) கிராமுக்கு 0.2 ஈ.எம்.யூ.

எக்ஸ் கதிர் படத்தில் ஏன் ஒரு சிறு கோடுகூடத் தெரியவில்லை என்பதுதான் புரியவில்லை. பச்சைப் பொருளின் கோடுகள் மட்டுமே இருக்கின்றன.

#15 திசைமுள்

கணக்குப் போடுங்கள். தூய பழுப்பு ஆக்சைடு கிராமுக்குச் சுமார் 40 தரும். உங்களிடம் 0.2. அப்படியானால் மாசு அரை சதவீதம். சாதாரண எக்ஸ் கதிர் படத்தில் இரண்டு சதவீதத்துக்குக் கீழே உள்ளது பின்னணி இரைச்சலில் மறைந்துவிடும். ஸ்குவிட் விடாது. ஒழுங்கான பெரிய கூட்டம் தன்னைத்தானே அடித்துக்கொண்டு பூச்சியமாகிவிட்டதால், அரை சதவீதக் கூட்டம் மேடையைப் பிடித்துக்கொண்டது.

இதைத் தவிர்க்க வழி, 100 ஓயர்ஸ்டெட்டில் அளக்காமல் 1 டெஸ்லாவுக்கு மேல் அளப்பது. மாசு தெவிட்டி நின்றுவிடும், எதிர்ஃபெர்ரோ காந்தத்தின் பங்கு புலத்தோடு ஏறிக்கொண்டே போகும். பல புலங்களில் எடுத்து, புலத்தின் தலைகீழுக்கு எதிராக ஏற்புத்திறனை வரைந்தால், அந்தத் தலைகீழ் பூச்சியமாகும் இடத்தில் கோடு காட்டும் ஏற்புத்திறன்தான் மாசு கழிந்த மதிப்பு. ஹோண்டா–ஓவன் முறை என்பார்கள். அப்படித் திருத்தியபின் மிகக் குறைந்த வெப்பநிலை மதிப்பு உச்சி மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள்.

#16 ஓரமாய் ஒருவன்

மூன்றில் இரண்டு ஏன்? அப்புறம், ஃபெர்ரி என்று ஒன்று நடுவில் வந்துவிட்டதே, அது என்ன?

#17 கரும்பலகை

முதல் கேள்வி: ஸ்பின்கள் நிற்கும் அச்சின் திசையிலேயே புலம் கொடுத்தால், முழுக் குளிரில் எதுவும் அசையாது. மேல் நோக்கியவனும் கீழ் நோக்கியவனும் விறைத்து நிற்பார்கள், ஏற்புத்திறன் பூச்சியம். குறுக்கே புலம் கொடுத்தால் இரண்டு பேரும் கொஞ்சம் புலத்தின் பக்கம் சாய்வார்கள், அது வெப்பநிலையோடு மாறாது. பொடியில் எல்லாத் திசையும் கலந்திருக்கும். மூன்று திசைகளில் ஒன்று அச்சு, இரண்டு குறுக்கு. ஆகவே மூன்றில் இரண்டு.

இரண்டாவது: அணிகள் எதிரெதிர்தான், ஆனால் பலம் சமம் இல்லை. மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடை எடுங்கள். ஒரு வகை இடத்தில் இரும்பு 3+, திருப்புத்திறன் 5, கீழ் நோக்கி. இன்னொரு வகை இடத்தில் இரும்பு 3+ ஐந்து, இரும்பு 2+ நான்கு, இரண்டும் மேல் நோக்கி. ஐந்தும் ஐந்தும் அடிபட்டுப் போக மிச்சம் 4 போர் மேக்னெட்டான். அளந்தால் 4.1 வருகிறது. எல்லாம் ஒரே திசை என்று கூட்டினால் 14 வந்திருக்கும். 1948இல் நெயல் இந்தக் கணக்கைப் போட்டபோதுதான், பல நூற்றாண்டுகளாகத் திசைகாட்டியில் இருந்த அந்தக் கல் இரும்பைப் போன்ற காந்தம் இல்லை, மிச்சம் வைத்த எதிர்ஃபெர்ரோ காந்தம் என்று தெரிந்தது.

இவை மட்டுமே இல்லை. டிஸ்புரோசியத்தில் 179 முதல் 85 கெல்வின் வரை ஸ்பின்கள் அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் திரும்பித் திருகுபடி போல் ஏறுகின்றன, 85க்குக் கீழே எல்லாம் ஒரே திசைக்கு விழுந்துவிடும். குரோமியத்தில் 311 கெல்வினுக்குக் கீழே ஸ்பின் அடர்த்தியே அலையாக நிற்கிறது, அந்த அலையின் நீளம் படிகத்தின் நீளத்தோடு முழு எண்ணாகப் பொருந்துவதுகூட இல்லை.

#18 துருப்பிடித்தவன்

மேலும் கீழுமாக நிற்பதை நேரில் காட்ட முடியவில்லை என்று நான்காவது பதிவில் விட்டுவிட்டீர்களே. காட்டிய பொருள் இதே மாங்கனீசு ஆக்சைடுதான். 1949இல் ஷல், ஸ்மார்ட் இருவரும் நியூட்ரான்களை இதன்மேல் விட்டார்கள். எக்ஸ் கதிருக்கு மேல் நோக்கிய மாங்கனீசும் கீழ் நோக்கியதும் ஒன்றுதான். நியூட்ரானே ஒரு குட்டிக் காந்தம் என்பதால் அதற்கு வித்தியாசம் தெரியும். 80 கெல்வினில், அறை வெப்பநிலையில் இல்லாத புதிய கோடுகள் வந்தன. அவை காட்டிய அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டம்) எக்ஸ் கதிர் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு நீளம். இரண்டு அடி வைத்தால்தான் பழைய திசை திரும்பி வரும் என்பதற்கு அதுவே சான்று. ஷல்லுக்கு நோபல் 1994இல்தான் கிடைத்தது. நெயலுக்கு 1970. அந்த நோபல் உரையில்கூட அவர், இந்தப் பொருள்கள் கோட்பாட்டளவில் சுவையானவை, பயன் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னார்.

#19 கூழாங்கல்

எல்லாருக்கும் நன்றி. பழுப்பைச் சுரண்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தை ஹைட்ரஜனில் மறுபடி சூடாக்கப் போகிறேன். அதற்கு முன் ஒன்று. 5 டெஸ்லா புலத்தில் 150 கெல்வினிலிருந்து குளிர்வித்து 10 கெல்வினில் எடுத்த கண்ணி நடுவில் இல்லை. இடது பக்கம் நகர்ந்திருக்கிறது. புலம் இல்லாமல் குளிர்வித்த கண்ணி நடுவிலேயே இருக்கிறது. இதுவும் என் தவறா?

#20 திசைமுள்

சுரண்டாதீர்கள்! பொடியை அப்படியே மூடி வையுங்கள்.

பச்சைத் துகளின்மேல் பழுப்பு ஓடாகப் படிந்திருக்கிறது. புலத்தோடு குளிரும்போது உள்ளே இருக்கும் எதிர்ஃபெர்ரோ காந்தமும் ஓட்டில் இருக்கும் ஃபெர்ரி காந்தமும் எல்லையில் கைகோத்துக்கொள்கின்றன. பிறகு புலத்தைத் திருப்பினால் ஓடு திரும்பப் பார்க்கும், உள்ளே இருப்பவன் அசையமாட்டான். அதனால் கண்ணி ஒரு பக்கம் தள்ளிப்போகிறது. மைக்கிள்ஜான், பீன் இருவரும் 1956இல் கோபால்ட் ஆக்சைடு படிந்த கோபால்ட் துகள்களில் பார்த்தது இதே சமாச்சாரம்தான். நெயல் பயன் இல்லை என்று சொன்ன பொருள், பின்னால் வன்தட்டின் வாசிப்பு முனையில் ஒரு காந்தப் படலத்தைத் திரும்பவிடாமல் பிடித்துவைக்கும் வேலைக்குப் போனது இந்த வழியாகத்தான்.

உங்களுடையதில் இன்னொரு வினோதம் உண்டு. கோபால்ட்டில் ஃபெர்ரோ காந்தம் முதலில் ஒழுங்காகி, எதிர்ஃபெர்ரோ காந்தம் பின்னால் ஒழுங்காகும். உங்களிடம் எதிர்ஃபெர்ரோ காந்தம் 118இலேயே ஒழுங்காகிவிடுகிறது, ஓடு 43இல்தான் வருகிறது.

ஆனால் ஆர்வத்தில் குதிக்க வேண்டாம். மீக்கடத்திக் காந்தச் சுருளில் பெரிய புலத்துக்குப் பின் சில பத்து ஓயர்ஸ்டெட் மிச்சப் புலம் தங்கும், அதுவும் கண்ணியை நகர்த்தியதுபோல் காட்டும். −5 டெஸ்லாவில் குளிர்வித்து மறுபடி எடுங்கள். அதே அளவு வலது பக்கம் போனால் உண்மை. இடப்பக்கமே நின்றால் கருவியின் குறும்பு.

#21 ஓரமாய் ஒருவன்

எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் முடிவு தெரியாமல் தூக்கம் வராது. சீக்கிரம் அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

#22 கூழாங்கல்

கருவி வியாழக்கிழமைதான் கிடைத்தது. −5 டெஸ்லாவில் குளிர்வித்ததில் கண்ணி வலது பக்கம் போயிருக்கிறது. இரண்டு நகர்வுக்கும் அளவு வித்தியாசம் 20 ஓயர்ஸ்டெட்டுக்கும் குறைவு. 60 கெல்வினில் எடுத்துப் பார்த்தேன், கண்ணியே இல்லை, வெறும் நேர்கோடு.

புட்டியை மூடி டெசிகேட்டரில் வைத்துவிட்டேன். மேலே "சுத்தம் செய்யாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.